வால் சொன்ன பதில்

அண்ணா,

இன்று காலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் செருப்பு தைப்பவர் பசை டியூபைத் திறந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் கட்டிலும், அதன்மேல் பாதி ஒட்டிய மாடல் விமானமும், நீயும் வந்துவிட்டீர்கள். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் லேசான மரப் பலகையை அறுத்து ஒட்டிக்கொண்டிருப்பாய். யாரோ விற்ற பழைய ரிமோட் செட். பிளாட் போட்டுக் கல் நட்ட வயலில் பறக்கவிடுவோம். சின்ன மோட்டார் வாலை இழுக்கும் இரும்புக் கம்பியின் முனையில் மட்டும் பிளாஸ்டிக் கிளிப்தான் போடுவாய். "இரும்பும் இரும்பும் உரசினா ஒரு இரைச்சல் வரும் பாப்பா. நமக்குக் கேக்காது, ரிமோட்டு சொல்றத கேக்க உள்ள கீற ரிசீவருக்குக் கேக்கும். ரிமோட்டு ஆஃப்ல இருந்தா இன்னும் மோசம். பேச ஆள் இல்லன்னா அது எதையாவது கேட்டுக்கினு வால ஆட்டும்" என்றாய். காதுக்குக் கேட்காத இரைச்சலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாகத் தரையிறங்கியபோது அந்தக் கிளிப் உடைந்தது. ஒன்பதாவதோடு நின்ற எனக்கும் ஒன்று தெரியும் என்று காட்ட, உடையாத எஃகு கிளிப் ஒன்றை நீ இல்லாதபோது மாட்டினேன். சொல்ல வெட்கம். நீயே பார்ப்பாய் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஒரகடம் சாலையில் உன் பைக் சறுக்கியது. நீ பார்க்கவேயில்லை.

காரியம் முடிந்த மாலை, அதன் சிவப்பு விளக்காவது எரியட்டும் என்று அம்மா விமானத்தை ஆன் செய்து டிவி மேல் வைத்தாள். ரிமோட் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது.

"சாப்ட்டியாடா?" என்று அதனிடம் கேட்டாள்.

வால் இடமும் வலமுமாக இரண்டு முறை வெட்டியது.

"பாப்பா, பாத்தியா? சாப்ட்டேன்னு தலையாட்டுறான்!"

நானும் ஒரு நொடி நம்பினேன். அப்புறம்தான் ஜன்னல் கம்பி அதிர்வது கேட்டது. வெளியே கன்டெய்னர் லாரி. அதிர்வில் என் கிளிப் கம்பியோடு உரசுகிறது.

அன்றிலிருந்து அம்மா கேன்டீன் வேலைக்குப் போகவில்லை. பேட்டரிக்கு சார்ஜ் போடுவாள், அதன்முன் உட்காருவாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "எங்க வூட்டுக்காரரு எப்போ குடிய விடுவாருன்னு கேளேன்" என்றாள். வால் அசையவில்லை. "அவனுக்கே தெரியல போல" என்று அம்மா சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். எப்படிச் சொல்வேன்?

ஒரு மாலை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நானும் உங்கிட்டயே வந்துடட்டுமாடா?"

தூரத்தில் லாரிச் சத்தம். ஆடினால் 'வா' என்று எடுத்துக்கொள்வாள். ஓடிப்போய் வாலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தேன். ஜன்னல் அதிர்ந்தது. வால் என் விரலைத் தள்ளியது. நின்றது. மறுபடி தள்ளியது. லாரி கடந்து போகும்வரை நான் விடவில்லை.

"ஏண்டி அவன் வாயைப் பொத்துற?"

"அது அண்ணன் இல்லம்மா. நான் போட்ட கிளிப்பு. லாரி போனா ஆடுதும்மா."

எஃகைக் கழற்றிவிட்டு, உன் டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் கிளிப் எடுத்து மாட்டினேன். இருவரும் காத்திருந்தோம். அடுத்த லாரி போனது. வால் அசையவில்லை. அதற்கடுத்ததும் போனது.

"அப்போ, சாப்ட்டியான்னு கேட்டேனே?"

"அதுவும் லாரிதாம்மா."

அம்மா அதன் வாலைத் தடவினாள். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு அரிசி களைய எழுந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள்.

நான் சொன்னது உண்மைதான். தள்ளியது உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணா, அந்தத் தள்ளல் இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. அம்மாவிடம் வரவேண்டாம் என்றுதான் நீ சொல்ல வந்தாயோ என்னவோ. கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அழுத்திப் பிடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.