ஷட்டர் மூடியிருந்த இருபத்தைந்து நிமிடம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலத்துக்கு எழுது என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவேன், இந்த முறை அந்த "எல்லோரும்" எழுத வரவில்லை. பயப்படாதே, அம்மா நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டவும் திட்டுகிறாள். ஆனால் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை நான் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போன் எப்போதும் அவள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதோடு நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நடுத்தெருவில் நிற்கும். பரீட்சை முடியும்வரை உன்னிடம் வாயே திறக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் உன் கையில் கிடைக்கும்படி நாள் பார்த்துத் தபாலில் சேர்க்கிறேன். நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தபோது உனக்குப் பதின்மூன்று, எனக்கு இருபத்தேழு, இந்தப் பொடிப்பயலை நம்பியா அக்காவைக் கொடுக்கிறது என்று உன் சித்தி வாசலிலேயே கேட்டாள். எட்டு வருடம் கழித்து அவள் கேட்டது சரிதான் என்று நானே காட்டிவிட்டேன்.

என் பைக்கின் சைலன்ஸர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததை நீ வந்திருந்தபோதே பார்த்தாய், சின்னப்பா, வண்டி இருமுது என்று சொன்னாய். கம்பெனி சைலன்ஸரையே மறுபடி வாங்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அது போதவில்லை. இன்ஜினிலிருந்து இறங்கும் வளைகுழாய் தொடங்கிப் பின்னால் இருக்கும் குடுவை வரை முழு செட்டாக வேறு கம்பெனி எக்ஸாஸ்ட் ஒன்றை வரவழைத்தேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பழையதைவிட நாலு கிலோ எடை குறைவு. தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டால் அரை நாளில் முடித்துவிடுவார் என்று அம்மா சொன்னாள். அவன் நட்டை ஸ்பானரால் தொடும் முன்னே சுத்தியலால் தொடுகிற ஆள், தொழிற்சாலையில் அத்தனை மீட்டரையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் வீட்டில் இருக்கும்போது அவனிடம் எதற்கு என்று கேட்டேன். சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். இன்ஜினில் குழாய் சேரும் இடத்தில் இரண்டு நட்டு, இரண்டும் துருவில் பற்றிக்கொண்டிருந்தன, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். நான் ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். இழுத்த இழுப்பில் ஒன்று அடிக்கம்பியோடு முறிந்து கையில் வந்தது. துளை போட்டு மிச்சத்தை எடுத்து வேறொரு கம்பியைத் திருகினேன், அது கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்தது. இடையில் வைக்கிற வளையம் புதிதாக இருக்க வேண்டும், செட்டோடு வந்தது அளவு சேரவில்லை, திங்கட்கிழமை கடை திறக்கும்வரை பொறுக்காமல் நசுங்கிப்போன பழையதையே வைத்து இறுக்கினேன். சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால் குடுவை முழங்குகிறது, இன்ஜின் பக்கம் டிக் டிக் என்று ஒரு கசிவுச் சத்தம். எதிர்வீட்டு வக்கீல் கேட்டருகே வந்து நின்று, "சைலன்ஸரை மாத்தறேன்னுதானே சொன்னீங்க தம்பி, எடுத்தே போட்டுட்டீங்களா?" என்றார். மாடி ஜன்னலில் அம்மா சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஷட்டரை இழுத்து மூடியதற்குக் காரணம் அந்தச் சுருக்குத்தான், வேறொன்றும் பெரிதாக இல்லை.

கசிவைப் பிடிக்க வேண்டுமென்றால் இன்ஜின் ஓட வேண்டும், சோப்பு நீரைத் தடவி நுரை எங்கே பொங்குகிறது என்று பார்க்க வேண்டும். வண்டி நிற்கிற அறை உனக்குத் தெரியும், தெருப்பக்கம் ஷட்டர், பின்னால் முற்றத்துக்குச் சின்னக் கதவு, பக்கவாட்டில் மாடிப்படிக் கதவு. சத்தம் வெளியே போகாமல் ஷட்டரை மூடிவிட்டு முற்றத்துக் கதவைத் திறந்து வைத்தேன், காற்றுக்கு அது போதும் என்று நினைத்தேன். புகை என் மூஞ்சியில் அடிக்காமலிருக்க அந்தக் கதவருகே ஃபேனை வைத்து எனக்குப் பின்னாலிருந்து ஓடவிட்டேன். அது என்னை நன்றாகக் காப்பாற்றியது. வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது, உள்ளே இருந்த புகைக்குப் போக மாடிப்படிதான் வழி. படிக்கதவு சாத்தவில்லை. படி போய் முடிகிற இடத்தில் இருப்பது உன் அம்மா படுத்திருந்த அறை. ஐந்து நிமிடத்தில் மேலிருந்து குரல் கொடுத்தாள், ஏதோ தீயிற நாத்தம் வருது என்று. புதுக் குடுவை முதல் தடவை சூடாகும்போது அதில் ஒட்டியிருக்கிற எண்ணெய் எரியும், புகையும், நாறும், எல்லாப் புது எக்ஸாஸ்டிலும் அது உண்டு. புதுசுன்னா அப்படித்தான், அரை மணியில் போயிடும் என்று நானும் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலை வலிக்குது என்றாள். கண்ணாடி போடாமல் படித்திருப்பாய் என்றேன். அதன்பிறகு அவள் குரல் கொடுக்கவில்லை, நானும் அதைக் கவனிக்கவில்லை. இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு வந்த நாற்றம் எண்ணெய் நாற்றம்தான், அதில் நான் சொன்னது சரி. ஆளைச் சாய்க்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. ஒன்றும் தெரியாத ஒருவன் அந்த நாற்றத்துக்குப் பயந்தே இன்ஜினை அணைத்திருப்பான். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது, அதனால் அணைக்கவில்லை.

நுரை பொங்குகிற இடத்தைக் கண்டுபிடித்து நட்டை இறுக்கினேன், டிக் டிக் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து பாரேன் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கோபம் என்று நினைத்துச் சாவகாசமாகக் கை கழுவினேன். மேலே போனால் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து வரப் பார்த்து முடியாமல். "காலு என்னோடது மாதிரியே இல்ல" என்றாள். தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன், அங்கே வாந்தி எடுத்தாள். வக்கீலைக் கூப்பிட்டேன், மனுஷன் ஒரு கேள்வி கேட்காமல் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டதும் உன் அம்மா முந்திக்கொண்டாள், காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதான் மயக்கம் என்றாள். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள். சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். விரலில் கிளிப் மாட்டினார்கள், தொண்ணூற்றெட்டு என்று காட்டியது, ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது என்றார் நர்ஸ். அந்தக் கிளிப்புக்கு ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்ஸிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரிக்கத் தெரியாது, இரண்டும் அதற்கு ஒன்றுதான். எங்கள் தொழிலாளர்களை உட்காரவைத்து வருடா வருடம் இதை நானே பாடமாக நடத்துகிறேன். அப்படிப்பட்டவன் அந்தத் தொண்ணூற்றெட்டைப் பார்த்து அப்பாடா என்று நின்றேன். பத்து நிமிடம் நின்றேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையை அழுத்தியதால் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பழி அவள் மேல் போகும். எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் வக்கீல் நின்றார், நாளைக்குத் தெரு முழுக்கப் பேசுமே என்று தோன்றியது. முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான், அத்தனை நாளும் பேசியதெல்லாம் அடுத்தவன் தப்பைத்தான் என்பது அங்கே நிற்கும்போது தெரிந்தது. அப்புறம் சீட்டு எழுத வயது கேட்டார்கள். அம்மா பத்து வருடத்தை விட்டுவிட்டு முப்பத்தொன்று என்றாள். வயதைக் குறைக்கிறாங்க பாருங்க என்று நர்ஸ் சிரித்தார், வக்கீலும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "பைக் இன்ஜின் ஓடிச்சு, ஷட்டர் மூடியிருந்தது, இருபத்தஞ்சு நிமிஷம், ஓட்டுனது நான்" என்றேன். டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "இதை வாசல்லயே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகமூடியைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் காலை வரை ஆக்ஸிஜனில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தெரியாமல் நடந்ததுதானே என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். தெரிந்தவனுக்கு எப்படித் தெரியாமல் நடக்கும் என்று கேட்டேன், ஆரம்பிச்சிட்டீங்களா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வக்கீல் இதுவரை தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை, அவரைப் பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அந்த மெக்கானிக்கிடமே விட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்குப் பாடம் எல்லாம் தெரியாது சார், ஆனா ஷட்டரை மட்டும் மூட மாட்டேன்" என்றான். சாய்ந்த கம்பியை எடுத்து, புது வளையம் போட்டு, ஒரு மணி நேரத்தில் முடித்தான், சுத்தியலைத் தொடவே இல்லை. வண்டி அருமையாக ஓடுகிறது. நான் பஸ்ஸில் போகிறேன். இன்னொன்று, குளிருக்காக உன் அறை ஜன்னல் இடுக்கில் துணி அடைத்திருப்பதாக எழுதியிருந்தாய், குளியலறையில் கேஸ் ஹீட்டர் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். இந்த வரியைப் படித்ததும் எழுந்துபோய் அந்தத் துணியை எடு, மீதியைப் பிறகு படி. குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு போர்வை வாங்கு. இந்த மோனாக்சைடு கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று இதோடு வேறு பார்சலில் வருகிறது, தலைமாட்டுக்கு அருகில் மாட்டு, நான் படித்த பெண், எனக்குத் தெரியும் என்றெல்லாம் எனக்குப் பதில் எழுதாதே.

இனி நான் உன்னிடம் கேட்க வேண்டியது. இந்த வாயு போன பிறகும் ஒரு மாதம், ஆறு வாரம் கழித்துக்கூடச் சிலருக்கு மறதி வரும், நடை தடுமாறும், சுபாவம் மாறும், கூட இருப்பவர்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூட இருப்பவன் நான்தான், என்னால் முடியவில்லை. நேற்று என்ன சமைத்தாய், இன்று என்ன கிழமை என்று தினமும் கேட்டேன். நாலாவது நாள், "நான் என்ன உங்க மீட்டரா, காலையில எழுந்ததும் சரிபார்க்க?" என்றாள். அதிலிருந்து என் முன்னால் உஷாராக இருக்கிறாள், தடுமாறினாலும் சமாளித்துவிடுகிறாள். உன் அம்மா போனில் ஒருவர் எண்ணையும் பேர் போட்டு வைக்க மாட்டாள், எல்லாம் மனப்பாடம், பால்காரர் முதல் சித்தி வரை. புதன்கிழமை சித்தியைக் கூப்பிட உட்கார்ந்து, ஆறு எண் அழுத்திவிட்டு நின்றாள். அப்புறம் பேசிக்கலாம், அவ தூங்கியிருப்பா என்று போனை வைத்தாள். சாயங்காலம் ஐந்து மணி. ஒரு தடவைதான், களைப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. டாக்டரிடம் அன்றே சொல்லிவிட்டேன், இந்த முறை பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை, வருகிற செவ்வாய்க்கிழமை தலையை ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் என்ன வந்தாலும் அந்த ஆறு வாரம் முடியும்வரை எனக்கு ஒரு உதவி செய். தினமும் நீதான் அவளைக் கூப்பிடுகிறாய், அதை நிறுத்து. ஏதாவது சாக்குச் சொல்லி, எங்கள் நேரம் ஏழு மணிக்கு அவளே உன்னைக் கூப்பிடும்படி செய். இருக்கிற எண்களில் உன் வெளிநாட்டு எண்தான் நீளம், பன்னிரண்டு இலக்கம். ஏழேகால் வரை வரவில்லை என்றால் அவளைக் கூப்பிடாதே, என்னைக் கூப்பிடு. பேசும்போது கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, சொல் கிடைக்காமல் நின்றாலோ எடுத்துக்கொடுக்காமல் பொறு, பிறகு எனக்கு எழுது. உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்று நானே அவளிடம் சொல்லிவிடுவேன், அந்தத் திட்டையும் வாங்கிக்கொள்வேன். இந்த எண் விஷயத்தை மட்டும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு காகிதத்தில் குறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள், அவளை உனக்குத் தெரியாதா.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, தாள் தாளாக எழுது, ஒன்றுக்கும் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். அவளிடம் அழாதே. இப்போதே கிளம்பி வந்துவிடாதே, வர வேண்டியிருந்தால் மறைக்காமல் நானே கூப்பிடுவேன், அதை மட்டும் நம்பு. உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இரு. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற முதல் சனிக்கிழமை ஏழு மணிக்கு மறக்காமல் போன் பக்கத்திலேயே உட்கார். அம்மா கூடத்தில் போனை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்துவாள், நான் சமையலறையில் நின்று அந்தச் சத்தத்தைப் பன்னிரண்டு வரை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆசிகளுடன்,
சின்னப்பா