காப்பி சுமந்த லேப்டாப்

அக்டோபர் 9, திங்கள்

காப்பித் தட்டு கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் மூடிய லேப்டாப்பின் மேல் இரண்டு கோப்பைகளை வைத்து பால்கனிக்குத் தூக்கிப் போனேன். படி தடுக்கியது. கோப்பைகளைக் காப்பாற்றிவிட்டேன். லேப்டாப் விழுந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்த்ராடிஸிடம் சொல்லவில்லை. அவர் இன்றுதான் சிகரெட்டை விட்டு, விரலுக்கு வேலை கொடுக்கத் தன் அப்பா உருட்டிய மஞ்சள் மணிக்கோவையைக் கையில் எடுத்திருக்கிறார். ஒரே நாளில் இரண்டு துக்கம் தாங்கமாட்டார்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். திரை வந்தது. கூடவே எங்கிருந்தோ டிக்... டிக்.

கம்ப்யூட்டர் கடை பான்டெலிஸுக்குப் போன் போட்டேன். "டிக் டிக்குன்னா உள்ள வன்தட்டு, அதான் ஹார்ட் டிஸ்க், உயிரை விடுதுக்கா! உடனே அணைங்க. புதுசு வாங்குற வரை தொடாதீங்க."

உள்ளே இருப்பது நாத்தனார் மாலமாவின் மகள் கல்யாணம். அன்று எங்கள் தீவுக்குப் போட்டோக்காரர் வரவேண்டிய கப்பல் காற்றில் நின்றுபோனதால் நான்தான் எடுத்தேன். வேறு பிரதி? கேமராவில் பூனையை எடுக்க இடம் வேண்டுமென்று அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், படம் பார்க்க.

அக்டோபர் 10

மாலமா போனில். "படமெல்லாம் பத்திரமா இருக்கா ஃப்ரோசோ?"

"இருக்கு அண்ணி. தூங்குது."

அக்டோபர் 11

லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, புது வன்தட்டு வாங்க ஸ்த்ராடிஸைக் கடைக்கு அனுப்பினேன். "எனக்குந்தான் வயசாச்சு. நல்லவேளை, என்னை மாத்தலை" என்றபடி போனவர், சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்றை வாங்கிவந்தார். அடிமூடியைக் கழற்றினால் அதைச் செருக இடமே இல்லை.

நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். பான்டெலிஸ் சொன்னான்: "பட்டையெல்லாம் புது லேப்டாப்புக்குக்கா. உங்களுது பழசு, தட்டையானதுதான் சேரும். அதுலயும் ஏழு மில்லிமீட்டர் கனம். என்கிட்ட இருக்கிறது ஒன்பதரை, மூடி மூடாது. அக்கரை கவாலாவுலேர்ந்து நாளைக்குக் கப்பல்ல வரும்."

பிறகு மூடிமேல் இருந்த காப்பி வளையத்தைப் பார்த்தான், பாவி. "லேப்டாப்பைத் தட்டாக்கினா, உள்ள இருக்கிற தட்டு என்னக்கா பண்ணும்?"

காப்பி வைப்பதும் தட்டு, படம் வைப்பதும் தட்டு. இப்படியொரு மொழியை வைத்துக்கொண்டு நான் மட்டும் குழம்பக்கூடாதாம்!

அக்டோபர் 12

காற்று. கப்பல் இல்லை.

அக்டோபர் 13

கப்பல் இல்லை. மாலமா மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கிறாள். அவள் குரல் கேட்டாலே போனைத் தலையணைக்கடியில் வைக்கிறேன்.

அக்டோபர் 14

வந்துவிட்டது! ஏழேதான். புதுசைக் கம்பியால் லேப்டாப்போடு இணைத்துப் படங்களை நகலெடுக்க ஆரம்பித்தோம். ஸ்த்ராடிஸ் பக்கத்தில். டிக் டிக் கூடிக்கொண்டே போனது. தாலி முடியுமுன்னே — அதாவது எங்கள் வழக்கப்படி மணமக்கள் தலையில் மலர்முடி ஏறுமுன்னே — செத்துவிடுமோ?

"போச்சுடி, போச்சு!" என்றார் அவர்.

"வாயை மூடுய்யா!"

பதற்றம் தாங்காமல் அவர் பால்கனிக்குப் போனார். அந்த நொடி சத்தமும் நின்றது. செத்தே போச்சென்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், நகல் ஓடிக்கொண்டிருந்தது! முழுசாக முடிந்தது. புதியதைப் பொருத்தினேன். மூடியும் மூடியது.

அக்டோபர் 15

டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். மாலமா மட்டும், "எல்லாத்துலயும் நான் கண்ணை மூடிட்டே இருக்கேன், வேணும்னே எடுத்தியா?" என்றாள்.

அக்டோபர் 16

காலையில் புதுத் தட்டோடு திறந்தேன். சத்தமே இல்லை. பெருமையாக இருந்தது.

ஸ்த்ராடிஸ் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிக்... டிக்.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். அவர் விரல்களில் மஞ்சள் மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.