வலது சக்கரம் ஏன் தூக்கியது?

என் பிரியமான விமலா அப்பா,

உங்கள் கறுப்பு மோட்டார் சைக்கிளை வெட்டிவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் மூலமாவது உங்களுக்குத் தெரியவந்தால் நன்றாக இருக்காது.

வெட்டியது நம் மாப்பிள்ளை செல்வம். காரிமங்கலத்தில் வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்யும் அவருடைய பட்டறையில், முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, ஏதோ ஒரு பழைய காரின் சக்கரங்கள் இரண்டை மாட்டியிருக்கிறார். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இன்ஜினும் செயினும் பின் சக்கரமும் நீங்கள் கண்ணை மூடிய அன்று விட்டுப்போனபடியே இருக்கின்றன. ஆட்டோவைத் திருப்பி வைத்தது மாதிரி ஒரு தோற்றம்.

எல்லாம் விமலாவுக்காக என்றார். லாரி இடித்த நாளிலிருந்து நம் மகளால் இடது காலை ஊன்றி நிற்க முடிவதில்லை. மாரண்டஹள்ளியில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு யாராவது கொண்டுபோய்விட வேண்டியிருக்கிறது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டாம்.

ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கடையிலேயே கிடைக்கிறதே, உங்கள் வண்டி எதற்கு? போனில் படம் எடுத்துப் போட்டுப் பெயர் வாங்கவா? நேராகவே கேட்டேன்.

"அத்தை, நம்ம வூட்டுக்கு வர்ற வழி எறக்கமுங்க. எறக்கத்துல பிரேக் புடிச்சுத் திருப்புனா, முன்னால ஒத்தச் சக்கரம் இருக்கற வண்டி கவுந்துரும். ரெண்டு இருந்தா அகட்டி ஊனிக்குமுங்க."

சரியான பதில்தான். சரியான பதிலை இவ்வளவு வேகமாகச் சொல்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

பற்றவைத்த இடங்களையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இடது காலால் போடும் கியரைக் கைக்கு மாற்றியிருந்தார். அதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். ஆர்.டி.ஓ. அனுமதி கிடைக்கும்வரை தார்ச்சாலை கூடாது, நம் மாந்தோப்புக்குள்தான் ஓட்ட வேண்டும் என்றேன்.

"இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றாள் விமலா. கியரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

தோப்பில், பின் சீட்டில் ஆளுக்குப் பதிலாக ஒரு ராகி மூட்டையைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை கிணற்றை இப்படியும் அப்படியும் சுற்றிக் காட்டினார். வண்டி அசையவில்லை. மோட்டார் சைக்கிளைப்போல உடம்பைச் சாய்த்துத் திருப்பும் வேலை இதில் இல்லையாம், கைப்பிடியைத் திருப்பினால் போதுமாம்.

"மூட்ட கால அகட்டி உக்காந்திருக்குதுங்க மாப்பிள்ள. நான் அப்படியா உக்காருவேன்?"

"எடை ஒண்ணுதானுங்களே அத்தை."

ஏறினேன். சேலையில், எப்போதும்போல் இரண்டு கால்களையும் இடப்பக்கம் போட்டு. மாப்பிள்ளைதான் ஓட்டினார். இடப்பக்கத் திருப்பம் ஒழுங்காக வந்தது. கிணற்றடியில் வலப்பக்கம் திருப்பினார். வலது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. அவர் வேகத்தைக் குறைத்ததும் தொப்பென்று விழுந்தது. நான் சீட்டை விடவில்லை. விமலா கைத்தடியோடு ஓடிவரப் பார்த்தாள்.

மாப்பிள்ளைக்கு முகமே மாறிவிட்டது. "நீங்க ஒருக்களிச்சு உக்காந்ததுல பாரமெல்லாம் இடப்பக்கம் போயிருச்சுங்க. இது சாயாத வண்டி. ஓட்டறவங்க எதுத்துச் சாஞ்சு சமாளிக்க முடியாது. மாமா எப்படித்தான் சமாளிச்சாரோ."

எப்படிச் சமாளித்தீர்கள்?

என்னை ஏற்றிக்கொண்டால் வலது தோளைத் தாழ்த்தித்தான் ஓட்டுவீர்கள். நேராக உட்காருங்கள் என்று பொம்மிடி ஸ்டேஷன் போகும் வழியெல்லாம் முதுகில் தட்டுவேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கன்னியாஸ்திரிகள் முதலில் கற்றுக்கொடுத்தது நேராக உட்காரத்தான். நீங்கள் நிமிர்வீர்கள், கொஞ்ச தூரத்தில் தோள் மறுபடி இறங்கிவிடும். மாட்டுக்கு ஊசி போடத் தனியாகக் கிளம்பும்போது மட்டும் கம்பி மாதிரி நேராகப் போவீர்கள். வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். என்னைச் சீண்டத்தான் கோணுகிறீர்கள் என்று நினைத்தேன்.

காரணம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்களா, இல்லை உங்கள் உடம்பு தானாகவே செய்ததா? தெரிந்துதான் இருந்திருக்கும் என்று என் சந்தேகம். சொல்லியிருந்தால் நான் பேருந்தில் வருகிறேன் என்றிருப்பேன். அதற்காகவா?

மாப்பிள்ளை முன் சக்கரங்களை இன்னும் அகட்டிப் பற்றவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். "இனி எப்படி வேணும்னாலும் உக்காருங்க அத்தை" என்கிறார். நான் நம்பவில்லை. வண்டி தார்ச்சாலை ஏறும் நாளில் விமலா முன்னால் இருப்பாள், பின்னால் நான் இருப்பேன். ஊன்ற ஒரு காலே உள்ளவள், என் பாரத்துக்கு எந்தத் தோளைத் தாழ்த்துவாள்?

அதனால் சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். தையல்காரி இறுக்கிப் பிடித்துத் தைத்துவிடுவாள் என்பதால் அளவை நானே எழுதிக்கொடுத்தேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வண்டியில் அந்த ராகி மூட்டை மாதிரி நட்ட நடுவில் உட்காருவேன். நம் மகள் நேராக உட்கார்ந்து ஓட்டுவாள்.

முதுகில் தட்டிக்கொண்டே வந்த,
உங்கள் மனைவி
சரோஜா