தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவன்

அன்றைக்கு இருந்தவர்கள் இவர்கள்தான் அண்ணி. நீங்கள், நான், என் மகன் தேவராஜ், நம் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த தென்காசிப் பெண் மாரியம்மாள், சாக்குக்குள் பூனை. ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

இன்று காலை மாடிப்படிக்கு அடியிலிருந்து மழையில் நனைந்த கோணிச் சாக்கு ஒன்றை இழுத்தேன். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் குடித்த காபி தொண்டைக்கு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு வரும் முதல் மழைக்காலம். இதை யாரிடம் சொல்ல? உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்தப் பூனையை முதலில் பார்த்தபோதும் எனக்கு இப்படித்தான் குமட்டியது. அண்ணன் போன பிறகு நீங்கள் மண்ணூருக்கு என்னோடு இருக்க வந்த புதிது. தெருச் சாக்கடை ஓரம், காதில் சீழ் வடிய, வாலில் பாதி மயிர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. விரட்டுங்கள் என்றேன். நீங்களோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

"மூஞ்சியப் பாத்தா பயப்படும். முதுகாண்ட வந்து மோந்து பாக்கட்டும்."

நெத்திலிக் கருவாட்டை வாயில் போட்டு மென்று, உள்ளங்கையில் துப்பி, பின்பக்கமாக நீட்டுவீர்கள். "கருமம், இன்னா அண்ணி இது!" என்று தலையில் அடித்துக்கொள்வேன். "அதுக்குப் பல்லு போய்க்கீது. உன் புள்ளைக்குச் சின்ன வயசுல நீ மென்னு குடுக்கல?" என்பீர்கள். சில நாளில் அது உங்கள் முதுகில் உரசியது. பிறகு மடிக்கே வந்துவிட்டது. அந்தப் புடவையைத் தனியாகத் துவைக்கச் சொன்னேன்.

தேவராஜ் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினான். விடியற்காலை ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, உங்களைத் தேடி அந்தப் பூனை குறுக்கே ஓடும். உடனே இஞ்சினை அணைத்துவிடுவான். வேறு யாராவது முன்னால் கடந்து போகும்வரை வண்டி நகராது. அந்த நேரத்தில் நம் சந்தில் யார் நடக்கிறார்கள்? வேனில் உட்கார்ந்திருக்கும் மாரியம்மாள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவாள்.

"ஏ ஆச்சி, பூன இன்னைக்கும் குறுக்க வந்துட்டுல்லா! லேட்டாப் போனா சூப்பர்வைசர் லைன்ல எல்லார் முன்னாடியும் ஏசுதாரு. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயந்து, ஊர் ஊராக அதற்கு இடம் தேடினீர்கள். மணிமங்கலத்து அரிசிக் கடைக்கார அம்மா, எலித் தொல்லை தாங்காமல், கொண்டு வாருங்கள் என்றாள். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும், சாக்கில் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும் என்றான் தேவராஜ். "அது இன்னா கைதியா? மடியில வெச்சு வழி காட்டிக்கினே போவேன்" என்றீர்கள். ஆனால் அன்று பார்த்துச் சர்க்கரை கூடி உங்கள் கால் வீங்கிப்போனது.

"நீ படு அத்தே. நான் பத்திரமா விட்டுட்டு வரேன்" என்றான். சாக்கின் வாயை மாரியம்மாள் பிடித்தாள், அவன் கட்டினான்.

மத்தியானம் வந்தான். உள்ளே நுழையாமல் குழாயடியில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டான். பிறகு உட்கார்ந்து, நீங்கள் வைத்த மீன் குழம்பை ஒரு பிடி பிடித்தான். "கடைக்கார அம்மாவுக்கு ஒரே சந்தோஷம் அத்தே. வந்ததும் பால் ஊத்தினாங்க."

நீங்கள் அவன் ஈரத் தலையையே பார்த்தீர்கள். "பூனையக் குடுத்துட்டு வந்தவன் எதுக்குடா தலைக்கு ஊத்திக்கின?"

சாவுக்குப் போய் வந்தால்தானே அப்படி வாசலோடு குளிப்போம்? அவன் கையில் சோறு அப்படியே நின்றது.

"நான் ஒண்ணும் கொல்லல. அவ்ளோ தூரம் யார் போறது? கட்டின மேனிக்கு வெச்சிட்டு வந்தேன், அவ்ளோதான்."

வடக்குப்பட்டுப் பக்கம், கேன்டீன் எச்சில் கொட்டுகிற இடத்தில். கொன்றால் பாவமாம். கட்டிப்போட்டுவிட்டுக் குளித்தால் போய்விடுமாம். தூ!

நாம் இருவரும் போனோம். புளித்த சாம்பார், அழுகிய முட்டை, கறுப்பாக மொய்த்த ஈ. நான் ஓரமாக வாந்தி எடுத்தேன். நீங்கள் வீங்கின காலோடு அதற்குள் இறங்கினீர்கள். ஒரு சாக்கு அசைந்தது. ஈர முடிச்சு கைக்கு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தீர்கள் அண்ணி, அந்தச் சாக்கை! உள்ளே இருந்தது உங்கள் தோளைக் கீறிக்கொண்டு ஏறி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அப்படியே ஷேர் ஆட்டோவில் மணிமங்கலம். பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்தினான். "இன்னா பாட்டி, பூனை இப்பிடி நாறுது?"

"பூனை இல்லப்பா, நாங்க ரெண்டு பேரும்தான் நாறறோம். முடியலன்னா எறங்கிக்கோ" என்றீர்கள்.

"சாக்குல கட்டாம கொண்டாந்தீங்களே, ஓடிப்பூடுமே" என்றாள் கடைக்கார அம்மா. "வழியெல்லாம் பாத்துக்கினுதான் வந்துக்கீது. புடிக்கலன்னா வரட்டும்" என்றீர்கள். அது வரவில்லை. இன்றும் அரிசி மூட்டைமேல் பெருத்துக் கிடக்கிறது.

நீங்கள் போன அன்று, தூக்கிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். திரும்பி வந்து அதே குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டான். அழுதான்கூட. நான் துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை.

மணிமங்கலம் போகும்போதெல்லாம் அரிசி மூட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறேன். கருவாட்டை மென்று, கையில் துப்பி, பின்னால் நீட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் குமட்டுகிறது. மெல்லாமல் நான் திரும்பி வருவதில்லை.

மாரியம்மாள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது நன்றாகத் திட்டிவிட்டு மன்னித்தேன். ஆட்டோவில் மூக்கைப் பொத்தினவனையும் விட்டுவிட்டேன். "உம் புள்ளதானே, விட்டுத் தொலை" என்று கடைசிவரை சொன்னீர்கள். உங்களுக்கு மனசு வந்தது. எனக்கு வராது. பொய் சொன்ன வாயால் உங்கள் கைச்சோற்றைத் தின்றான் அவன், நான் பெற்ற தேவராஜ்.