பறையில் என் முடிச்சு

நவ. 11, செவ்வாய். விடாத தூறல்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். படித்தே ஆக வேண்டுமென்றால் படியுங்கள். நைனாவிடமும் ஏழுமலை மாமாவிடமும் மட்டும் காட்டாதீர்கள், காலில் விழுகிறேன். சமையலறையைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கேட்டால் கெமிஸ்ட்ரி.

இன்று மூலக்கொத்தளத்தில் ஒரு சாவு. பாதி வழியிலேயே நைனாவின் பறை இறங்கிவிட்டதாம். ஈரச் சாக்கில் அடித்த மாதிரி ஓசை. கூட அடிக்கிற ஏழுமலை மாமா எங்கள் வாசலில் நின்று, பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "உன் பொண்ணு தூரமா இருக்க சொல்லோ தொட்டிருப்பா மாமு. அதான் தோலு இறங்கிகீது."

தொடவே இல்லை. ஆட்டோவின் ஈரத் தரையில் பறையைக் கவிழ்த்து வைத்தவர் அவர். அதைச் சொன்னேன். நைனா திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தபா அது மேல கை வச்சே, ஸ்கூல நிறுத்திட்டு எண்ணூர்ல அத்தை வூட்ல வுட்ருவேன்."

நான் பத்தாவது. பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம்.

அம்மா காசிமேட்டிலிருந்து வந்து மீன் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கூடையையே இன்னொரு தரம் கழுவினாள். அம்மா மேலும் எனக்குக் கோபம்.

நவ. 13, வியாழன். மழை இல்லை. வெயிலும் இல்லை.

கணக்கு டெஸ்ட் சுமார். காம்பஸ் காணோம்.

புதுக் கன்றுத்தோல் நேற்றே ஊறப் போட்டார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அரைப்பது எப்போதும் நான். பறையைத் தொட ஆகாத கை பசை அரைக்க மட்டும் ஆகும்.

நேற்றுதான் எனக்கு இந்த மாதத் தூரம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். அப்படியே உட்கார்ந்து அம்மியில் அரைத்தேன். தோல் பிய்ந்து வந்தால்?

மாமா மரவட்டத்தில் பசை தடவி, ஈரத்தோலைப் போர்த்தி, பின்பக்கம் கயிறு கோத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தார். இழுக்க இழுக்க ஓசை ஏறுமாம். ஈரத்தோல் காயும்போது தானே சுருங்கும், விட்டுப் பிடிக்க வேண்டும். போன வருஷமும் இப்படித்தான் விடாமல் இழுத்தார். மூன்றாம் நாள் நடுவில் பிளந்தது. யார் கண் பட்டதோ என்றார். இந்த முறை பிளந்தால் கண் இல்லை, நான். எண்ணூர்.

சாயங்காலம் நைனாவும் மாமாவும் டீக்குப் போனார்கள். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒரு விரல் அளவு தளர்த்தி, திரும்பக் கட்டினேன். ஐந்து நிமிஷம் இருக்கும். சோப்பு போட்டும் கையில் தோல் வாடை போகவில்லை.

நவ. 15, சனி. நல்ல வெயில்.

காய்ந்துவிட்டது. பழைய பேப்பரைக் கொளுத்தி, சூடு காட்டி, நைனா அடித்தார். எதிர் பிளாக் நாய் எழுந்து ஓடியது. பிளக்கவில்லை. கணீர். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, "பாத்தியா மாமு, பொண்ணு கை படாம எப்டி பேசுது பாரு" என்றார்.

பசையே நான்தான் அரைத்தேன். தூரத்தோடு அரைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பசை பிடித்த பிறகு கயிறு வேண்டாம். அதை அவிழ்க்க நைனா பறையைத் திருப்பினார். கை நின்றது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாமா போட்டது இறுக்கு முடிச்சு. அங்கே இருந்தது இரண்டு காது வைத்த முடிச்சு. தினமும் சடையில் ரிப்பனுக்குப் போடுகிற அதே முடிச்சு. அவசரத்தில் கை தானாகப் போட்டிருக்கிறது. முட்டாள் கை.

நைனா என் சடையைப் பார்த்தார். இன்னா மாமு என்றார் மாமா. ஒன்றுமில்லை என்று கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

என்னை இன்னும் கேட்கவில்லை. சாப்பிடும்போதும் கயிறு அந்தப் பையிலேயே. கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன். பசையும் நான், முடிச்சும் நான். அந்தக் கணீரும் நான். அனுப்பினால் அனுப்பட்டும், போகிற அன்றைக்கு மாமா முன்னாலேயே பறையை எடுத்து அடித்துவிட்டுத்தான்

கதவு. நைனா. "தொற. கயிறு என் கைல கீது." இதை எங்கே ஒளி