குளிரில் சோர்ந்த வெடிமருந்து

நவம்பர் 8, 2003. சனி.
காலை −14. காற்றில்லை. மொன்றியலிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம், ரெயாலின் பழைய வான் வண்டியில். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர். அறுபத்து மூன்று வயது. வசந்தத்திலிருந்து கை நடுக்கம். அதனால் இந்த வருடம் அவருடைய வேட்டைத் துப்பாக்கி ரவைகளுக்கு வெடிமருந்து நிறுத்துப் போட்டது நான். தொழிற்சாலையிலும் நிறுப்பதுதானே என் வேலை. ஜூலையில், அவருடைய கராஜில், 31 பாகை வெக்கையில். துப்பாக்கியின் குறியைச் சுட்டுப் பார்த்துச் சரி செய்ததும் அதே வெயிலில்.

பத்து மணிக்கு மான். மின்கம்பிப் பாதைக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீற்றர். துப்பாக்கியை மரக்கட்டையில் ஊன்றி ஆற அமரச் சுட்டார். மான் குனிந்தது. எழுந்தது. மூன்று காலில் ஓடியது.

"கீழ பட்டிட்டுது," என்றார் பிரெஞ்சில். "என்ர கைதான்."

இரத்தத்தைப் பின்தொடர்ந்தோம். மதியம் பனி கொட்டத் தொடங்கியது. சிவப்பெல்லாம் மூடிவிட்டது.

நவம்பர் 9. ஞாயிறு.
விடிந்ததிலிருந்து இரண்டு மணி வரை தேடல். ஓரிடத்தில் படுத்திருந்த பள்ளம். அப்பால் ஒன்றுமில்லை. எங்கோ உயிரோடு கிடக்கிறது.
தேவாலயப் பூசை தவறியது. லாசாலில் வீட்டுக்கு வந்து சேர ஆறரை. சப்பாத்துக்குள் தண்ணீர்.
மனைவி பிலோ: "ஊரில யுத்த வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தம். இஞ்ச நீங்கள் அதைத் தேடிப் போறியள்."
சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினேன்.

நவம்பர் 11. செவ்வாய்.
மழை. ரவை நிரப்பும் புத்தகத்தை மீண்டும் எடுத்தேன். சில வெடிமருந்து குளிரில் மந்தமாக எரியுமாம். துப்பாக்கியிலிருந்து பாயும் சன்னத்தின் வேகம் குறையும். தூரம் போகப் போகத் தாழும். இந்தப் பக்கத்தை ஜூலையிலேயே வாசித்திருக்கிறேன். கோடும் போட்டிருக்கிறேன்.
ஒக்டோபரில் ரெயால் கேட்டார், "குளிருக்க ஒருக்காச் சுட்டுப் பாப்பமோ?" ஓவர்டைம் இருந்தது. தேவையில்லை என்றேன்.

பால், பாண், பிள்ளையின் காலுறை வாங்க வேண்டும்.

நவம்பர் 15. சனி.
ரெயாலிடம் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுடும் திடலுக்குப் போனேன். எனக்கும் அனுமதி அட்டை உண்டு. மணல் மூட்டையில் ஊன்றி, அதே முந்நூறு மீற்றர். ஐந்து ரவை சட்டைக்குள் சூடாக. ஐந்து பனிக்கட்டிப் பெட்டிக்குள். சூடானவை நடுவில். குளிர்ந்தவை ஓர் உள்ளங்கை அகலம் கீழே. இரண்டு தரம் பார்த்தேன். அதே.
பிழை அவருடைய கையுடையதல்ல. என்னுடையது.

நவம்பர் 16. ஞாயிறு.
பூசை முடிந்து நேரே அவர் வீடு. இலக்குத் தாளை விரித்தேன்.
"பாருங்கோ. வெடிமருந்து குளிருக்குச் சோர்ந்து போச்சுது. நீங்கள் சரியாத்தான் சுட்டனீங்கள். பிழை என்னில."
ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளை மடித்து என் கையில் தந்தார்.
"நீ நல்ல மனுசன். என்னைத் தேற்ற இவ்வளவு மினக்கெட்டிருக்கிறாய்."
"தேற்றேல்ல. இது உண்மை."
"ஓம், ஓம். கோப்பி குடி."
மூன்று தரம் சொன்னேன். என் பிரெஞ்சு போதவில்லையா? ஆங்கிலத்திலும் சொன்னேன். தலையாட்டினார். இனி வேட்டை இல்லையாம். நாற்பது வருடம் போனவர்.

நவம்பர் 18. செவ்வாய்.
−3. இடைவேளையில் ரெயால் சொன்னார், துப்பாக்கியை விற்றாச்சாம், கடைக்காரர் வந்து கொண்டுபோய்விட்டாராம்.