தோசைக்கல்லில் காய்ந்த டெர்பியம்

நவம்பர் 11, திங்கள்

பச்சை! பச்சை! பச்சை!

டெர்பியம் என்ற அபூர்வ உலோகத்தின் உப்பும் சாலிசிலிக் அமிலமும் சேர்த்து வெள்ளைப் பொடி எடுத்தோம். டெர்பியத்துக்குத் தானாக ஒளியைப் பிடிக்கத் தெரியாது. சாலிசிலேட் பிடித்து ஊட்டிவிட்டால் ஜம்மென்று ஒளிரும். பரீட்சை ஹாலில் என் கிளாஸ் அமராவதி விடையை ஊட்ட, நான் எழுதுவது மாதிரி. அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அட்டைப்பெட்டிக்குள் புற ஊதா விளக்கைப் போட்டு நான் மட்டும் பார்த்தேன். அடேயப்பா!

லேப் ஓவன் ரிப்பேர். ஈரப் பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் தோசைக்கல்லில் சிம்மில் காயப்போட்டேன். வெள்ளிக்கிழமை மாவட்ட அறிவியல் கண்காட்சி. ரீட்டா, நீ மேதை.

நவம்பர் 12

ஊதா. பொடி முழுக்க ஊதா. விளக்குக்கு அடியில் கரிக்கட்டையாகக் கிடக்கிறது.

“நேத்து நெசமா பச்சையா எரிஞ்சுச்சாடி?” என்றாள் அமராவதி.

“மாதா மேல சத்தியமா.”

“சார் கை ரோஸ் ஆனப்பவும் மாதா மேலதான் சத்தியம் பண்ணுனே.”

பண்ணினேன், நான் இல்லை என்று. போன மாதம் கெமிஸ்ட்ரி சூசைராஜ் சாரின் சாக்பீஸில் பினாப்தலீன் தடவியது நான்தான். சோப்பு பட்டால் அது ரோஸாகும்; சார் கை கழுவியதும் ஆனது. இப்போது என்ன செய்ய?

நவம்பர் 13

அமராவதியின் அக்கா காவ்யா திருச்சியில் ஆராய்ச்சி மாணவி. உப்பும் விளக்கும் அவர் தந்தவை. போன் பண்ணினேன்.

“எதுல காய வச்சே?”

சொன்னேன்.

“தோசைக்கல்லு இரும்புடி! சாலிசிலேட்ட அது இழுத்துக்கிட்டு ஊதாவாயிரும். ஒளியவும் முழுங்கிரும். எங்கிட்ட இனிமே உப்பு இல்ல.”

“மொதல்ல பச்சையா எரிஞ்சுச்சுன்னு காட்ட வழி இருக்காக்கா?”

“இல்ல.”

சூசைராஜ் சார் கேட்டார்: “ஒன்னத் தவிர யாராச்சும் பார்த்தாங்களா?”

யாருமில்லை. புளுகியதையெல்லாம் நம்பினார்களே — இதை ஏன் நம்ப மாட்டேங்குறாங்க? நெசமாத்தான் எரிஞ்சுச்சு!

நவம்பர் 14

வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். அம்மா அதையும் நம்பவில்லை.

நவம்பர் 15

போகக்கூடாதென்று இருந்தும் கண்காட்சிக்குப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். எங்கள் மேஜையில் அந்த ஊதாப் பொடி. பின்னால் அமராவதி எழுதிய சார்ட்.

காயும் முன்: பச்சை ஒளி. பார்த்தவர்: ரீட்டா.
காய்ந்த பின்: ஒளி இல்லை. பார்த்தவர்கள்: ரீட்டா, அமராவதி.
காரணம்: இரும்பு.

“பச்சைய நீ பார்க்கலையாம்மா?” என்றார் நடுவர்.

“இல்ல சார். அவ பார்த்தா.” என் பக்கம் கை நீட்டினாள்.

“என்ன பச்சைம்மா?”

நாக்கு நுனி வரை ஒரு நக்கல் வந்தது. விழுங்கினேன்.

“நாத்து மாதிரி சார். லேசா மஞ்ச கலந்த பச்சை.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.